அண்ணன் பெயரில் ஓர் இ.சி.ஜி.

1

போன வாரம் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எனக்கு உபகாரம் செய்ய முன்வந்தார். நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு போனை வைத்தேன். இந்த ஒஹாயோக்காரன் எதற்கு இப்படிக் குதித்தான் என்று அந்த மனிதர் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். அவருக்காகவும், ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்காகவும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கோடையில் அம்மா எங்களிடம் வருவதாக ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அப்பா போன பிறகு நான் கெஞ்சாத வருஷம் இல்லை. அம்மாவுக்கு எழுபதை நெருங்குகிறது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. இங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தால் எங்கள் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு கடையை விற்க வேண்டிவரும் என்று இங்குள்ள நம் ஆட்கள் சொல்வார்கள். கொஞ்சம்தான் மிகை. அதனால் பயணத்துக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் வயதானவர்களை யாரும் விமானம் ஏற்றுவதில்லை. வயது கூடியவர்கள் என்றால் இ.சி.ஜி., சர்க்கரைப் பரிசோதனை, டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் கேட்பார்கள். எல்லாம் கொடுத்த பிறகும் ஒரு வரி இருக்கும்: ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இந்தப் பாலிசி பொருந்தாது.

இதை அம்மாவுக்குப் போனில் விளக்கினேன்.

"ஏற்கெனவே இருக்க சீக்குக்குப் பணம் தரமாட்டாங்கம்மா."

"பின்ன எந்தச் சீக்குக்குத் தருவான்?"

"புதுசா ஏதாவது வந்தா."

"கொள்ளாமே! இந்த வயசுல எனக்கு இனிமே புதுசா என்ன சீக்குலே வரப்போவுது? இருக்கதே போதும்."

அம்மா சொல்வதில் தப்பே இல்லை. பதினைந்து வருஷமாக இந்த நாட்டில் படிவம் நிரப்புகிறவன் நான். அந்த வரிக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் அந்த ஏஜெண்டைக் கூப்பிட்டேன். புது ஆள், யாரோ சொல்லிக் கிடைத்த நம்பர். அம்மாவுக்குச் சர்க்கரை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"சாரே, அம்மச்சியெ வெயிலில் லேபுக்கு நடத்த வேண்டா. நம்மகிட்ட ஒரு ஆளுண்டு. அவங்க வந்து அம்மச்சி பேருல படுத்துக்கும். நல்ல கிளீன் ரிசல்ட் கிட்டும். எல்லாரும் செய்யறது தன்னே."

'ஆளுண்டு' என்றதும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆள் இருந்தார். அவர் என் அப்பா.

2

ஆரியசாலையில் எங்களுக்கு மொத்தக் கடை. மல்லி, வத்தல், பருப்பு. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள் என்று வெளியே சொல்வோம். நடந்தது என்னவென்றால், பெரியப்பா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மற்ற எல்லா இடத்திலும் அப்பா இருப்பார்.

கடை பெரியப்பா பெயரில் இருந்ததால் அப்பாவுக்குப் பாதி நாள் பெரியப்பாவாகத்தான் போகும். விற்பனை வரி ஆபீசில் அண்ணன் பெயரில் கையெழுத்துப் போடுவார். பாங்கில் போடுவார். ரயிலில் வரும் சரக்கை எடுக்கப் போனால் அங்கேயும் அண்ணன் பெயர்தான். குமாஸ்தாக்களில் பாதிப் பேருக்கு அப்பாவின் சொந்தப் பெயர் சிதம்பரம் என்பதே தெரியாது. யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. ஒரு வீடு, ஒரு கடை, யார் போனால் என்ன? என் பத்தாம் வகுப்பு ரிப்போர்ட்டில் அப்பா என்ன கையெழுத்துப் போட்டார் தெரியுமா? பழக்க தோஷத்தில் பெரியப்பாவின் பெயர். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு யார் உன் அப்பன் என்று கேட்டார். அன்று வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பெரியப்பாவின் ஒரே மகன் கணேசன் முதலில் அமெரிக்கா வந்தான். அவன் பின்னால் நான் வந்தேன். இரண்டு பேர் வீடும் இருபது நிமிஷக் கார்ப் பயணத்தில் இருக்கின்றன. எட்டு வருஷத்துக்கு முன்னால், கணேசன் புதுவீடு வாங்கியபோது தன் அப்பா அம்மாவை ஆறு மாதத்துக்கு அழைத்தான்.

பெரியப்பாவுக்கு அதற்கு முன்பே ஒரு தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். உள்ளதை உள்ளபடி எழுதினால் பாலிசி கிடைக்கும், ஆனால் இருதயத்தைத் தவிர்த்துவிடுவார்கள். பெரியப்பாவுக்கு வேண்டியது இருதயத்துக்குத்தான். ஸ்ரீகுமார் என்று ஒரு ஏஜெண்ட், கடைக்கு வந்துபோகிறவர், வழி சொல்லிக் கொடுத்தார். இ.சி.ஜி. நன்றாக வந்துவிட்டால் பழைய கதையை யாரும் கிளறமாட்டார்கள்.

அப்பா ஒரு தலைவலி என்று படுத்தவர் இல்லை. மூட்டையைத் தோளில் தூக்குகிறவர். பெரியப்பா கல்லாவில் இருந்தபடியே சொன்னாராம், "சிதம்பரம், நாளைக்கு அட்டக்குளங்கரை வரைக்கும் ஒண்ணு போயிட்டு வா." அப்பா எதற்கு என்றுகூடக் கேட்கவில்லையாம். வரி ஆபீசுக்குப் போகிற மாதிரி வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கள் தெருவில் எல்லோரும் போகிற கிளினிக் அங்கேதான் இருக்கிறது. பெயர் கேட்டார்கள், அண்ணன் பெயரைச் சொன்னார். மேஜைமேல் ஏறிப் படுத்தார். அம்மாவிடம் வந்து, "நெஞ்சுல ஏதோ களிம்பு தேச்சான், ஜில்லுன்னு கெடந்துச்சு" என்றாராம். பிறகு கடை திறக்கப் போய்விட்டார்.

3

பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கணேசன் வீட்டில் விருந்து. என் மனைவி அவியல் செய்துகொண்டு வந்திருந்தாள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தமிழில் அவளுக்கு ஒரு வாக்கியம்தான் ஒழுங்காக வரும்: "சுகமா இருக்கீங்களா?" அதையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பெரியப்பாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டின் நடுவில் பேச்சு இன்சூரன்சுக்கு வந்தது. கணேசனின் நண்பர் ஒருவர், தன் மாமனாருக்குப் பாலிசி எடுக்கப் பட்ட பாட்டைச் சொன்னார். பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"நான் பட்ட பாட்டைக் கேளும். எனக்குப் பதிலா இவன் அப்பனை அனுப்புனேன்" என்று என்னைக் காட்டினார். "நல்ல கல்லு மாதிரி ஆளுல்லா! போய்ப் படுத்தான். மறுநாள் அந்த ஸ்ரீகுமார் ஓடி வாறான். 'முதலாளி, இது உங்களோடதைக் காட்டிலும் மோசமா இருக்கு, பழைய அட்டாக்கு ஒண்ணு வந்த அடையாளம் கெடக்கு, இதைக் குடுத்தா கிடைக்குற பாலிசியும் போயிரும்'ங்கான். கொள்ளாம் கதை! பொறவு அவனே வேற ஒரு லேபுல போய்ப் படுத்து, என் பேருல ஒரு இ.சி.ஜி. எடுத்துட்டு வந்தான்."

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். கணேசனின் நண்பர் கண்ணீர் வரச் சிரித்தார். என் மனைவிகூடச் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நான் கேட்டேன்: "அப்பாகிட்ட சொன்னீங்களா பெரியப்பா?"

"என்னத்தை?"

"அப்பா நெஞ்சுல அப்படி இருக்குன்னு."

பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சொன்னா பயந்துருவான்லா. அவனுக்கு நோவு ஒண்ணும் இல்லியே, நல்லாத்தான நடமாடுகான். டிக்கெட்டும் எடுத்தாச்சு. அவன் போய் ஆஸ்பத்திரில படுத்தா கடையை யாரு பாப்பா? நான் திரும்பிப் போயி பைய சொல்லிக்கிடலாம்னு நினைச்சேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? சரக்கு வரத் தாமதமாகும் என்று சொல்கிற குரல். அந்தக் கிளினிக்கில் பெயர்தான் பொய். மேஜைமேல் படுத்த நெஞ்சு நிஜம். எங்கள் வீட்டில் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அண்ணன் பெயரில் எடுத்ததால் அது அண்ணனுக்கு உதவாத காகிதம், அவ்வளவுதான். தம்பிக்கு அதில் ஏதோ எழுதியிருக்கிறது என்று யோசிக்க ஓர் ஆள் இல்லை. யோசித்த ஒரே ஆள் பெரியப்பா. அவர் யோசித்துப் பார்த்து, கடையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

4

அங்கிருந்தே போன் போட்டேன். இங்கே ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் என்றால் ஆரியசாலையில் திங்கட்கிழமைக் காலை. அப்பாதான் கடையில் எடுத்தார். பின்னால் லாரிச் சத்தமும் மூட்டை இறக்குகிற சுமட்டுக்காரர்கள் கத்துகிற சத்தமும் கேட்டது. கணேசன் என் தோளைத் தொட்டு, "மெதுவா பேசு, பாலிசி விஷயம்லாம் போன்ல வேண்டாம்" என்றான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"அப்பா, அன்னிக்கு அட்டக்குளங்கரையில எடுத்தாங்களே, அது நல்லா இல்லியாம். உங்க நெஞ்சுல கோளாறு இருக்காம். இன்னிக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க."

அந்தப் பக்கம் யாரையோ கத்தாதே என்று அதட்டுகிற குரல். பிறகு அப்பா கேட்டார்: "யாரு சொன்னா?"

"பெரியப்பாதான்."

"அண்ணாச்சிகிட்ட குடு."

கொடுத்தேன். பெரியப்பா எச்சில் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு இடது கையால் ரிசீவரை வாங்கினார். எனக்கு இரண்டடி தூரத்தில் நின்று, என் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"எலே சிதம்பரம். ஒண்ணுமில்லலே. மிஷினு ஏதோ கோளாறாம், அந்த ஸ்ரீகுமார் சொன்னான். பய சும்மா பயப்படுகான். நீ சோலியப் பாரு. வத்தல் லோடு வந்துட்டா?"

பக்கத்தில் நிற்கிற மனிதன் கண்ணெதிரில் இப்படிப் பேசினால் என்ன செய்வீர்கள்? ரிசீவரைப் பிடுங்கினேன்.

"கேட்டியா மக்கா?" என்றார் அப்பா. "அண்ணாச்சியே சொல்லிட்டாருல்லா."

"அவரு பொய் சொல்லுகாருப்பா!"

"பெரியவங்களை அப்படிப் பேசப்பிடாது" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.

அன்று கணேசன் வீட்டில் நான் போட்ட சத்தத்துக்கு அவன் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் போலீசைக் கூப்பிடாதது அதிசயம். பெரியம்மா அழுதாள். பெரியப்பா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கணேசன் வாசலில் வைத்து எனக்குச் சமாதானம் சொன்னான், "அவருக்கு வயசாச்சுடா, விட்டுடு." அவருக்கு வயசாயிற்று, சரி. என் அப்பாவுக்கு மட்டும் என்ன, பிறந்தநாள் வராமலா இருந்தது?

5

அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டேன். காலையில் ஆபீசுக்குப் போகுமுன் போன் கார்டில் இருக்கிற அத்தனை எண்ணையும் அமுக்கி, லைன் கிடைத்து, "போனீங்களாப்பா?" என்பேன். "நாளைக்குப் போறேன்" என்பார். மறுநாள், "லோடு வந்துட்டு, நாளைக்கு." கத்தினேன். கெஞ்சினேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று மிரட்டினேன்.

அந்த மிரட்டல் வேலை செய்தது. அடுத்த நாள் அப்பா, நான் கேட்குமுன்பே சொன்னார்.

"போயிட்டு வந்துட்டேன் மக்கா."

"என்ன சொன்னாரு?"

"அட்டக்குளங்கரையில நல்ல கூட்டம் கேட்டியா. எனக்கு முன்னால ஒரு போலீஸ்காரன் உக்காந்திருந்தான், அவனுக்கும் நெஞ்சுவலிதானாம். பாவம், சின்ன வயசு. டாக்டரு நல்ல மனுசன். 'வயசுக்குத் தக்கன இருக்கு, பேடிக்கண்டா, பயப்பட ஒண்ணுமில்ல'ன்னாரு. ராத்திரி போட ஒரு மாத்திரை எழுதிருக்காரு."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. அன்று ஆபீசில் எல்லோருக்கும் டோனட் வாங்கிக்கொண்டு போனேன். என் மேலதிகாரி ஓர் ஐரிஷ்காரர், என்ன விசேஷம் என்று கேட்டார். என் அப்பா தன் அண்ணனாகப் போய் இ.சி.ஜி. எடுத்துக்கொண்ட கதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. "உன் அப்பா ஏன் சம்மதித்தார்?" என்று கேட்டார். அண்ணன் சொன்னார் என்றேன். "அது தெரிகிறது, ஏன் சம்மதித்தார்?" என்றார் மறுபடி. நான் அவருக்கு இன்னொரு டோனட்டை எடுத்து நீட்டினேன்.

பிறகு கூப்பிடும்போதெல்லாம் அம்மாவிடம், "மாத்திரை போடுகாரா?" என்று கேட்பேன். "போடுகாரு, போடுகாரு" என்பாள்.

தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு முற்பகல், கடையில் மல்லி மூட்டைமேல் உட்கார்ந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

6

பெரியப்பாவும் நானும் ஒரே விமானத்தில் ஊர் வந்தோம். பெரியம்மா மகனோடு தங்கிவிட்டாள். வழி முழுக்கப் பெரியப்பா அழுதுகொண்டே வந்தார். நிஜமான அழுகைதான், நடிப்பில்லை. நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த டாக்டரைச் சும்மா விடப்பிடாது மக்கா. நெஞ்சுல கோளாறோட போன மனுசனைப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு அனுப்பியிருக்கான் பாரு." எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த டாக்டர்மேல் திரும்பியது. பெரியப்பா பொய் சொன்னார், சரி. ஆனாலும் அப்பா போய்விட்டு வந்தாரே. டாக்டர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அப்பா இருந்திருப்பாரே.

நான் வரும்வரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தைக்காட்டில் கொண்டுபோய் எரித்தோம். ஆரியசாலைச் சுவர்களில் அப்பாவின் படம் போட்ட போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், கீழே அவருடைய சொந்தப் பெயர் பெரிய எழுத்தில். வரி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இவர் பெயர் இதுவா என்று என்னிடம் கேட்டார்.

பதினாறு கழிந்த மறுநாள் காலை நானும் பெரியப்பாவும் கிளம்பினோம். அந்தக் கிளினிக்குக்குப் போய் டாக்டரை நாலு கேள்வி கேட்பதென்று முடிவு. பெரியப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் டாக்டர் எழுதிய சீட்டைக் கேட்டேன்.

அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எங்க போற?"

"அந்த டாக்டர்கிட்ட. சீட்டு எங்கம்மா?"

"போகாத மக்கா."

"ஏன்?"

"சீட்டு இல்ல. ஒங்கப்பா, அவ்வொ போகவே இல்ல."

எனக்குப் புரியவில்லை. போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தாரே, டாக்டர் நல்ல மனிதராயிற்றே, மாத்திரை எழுதினாரே என்று ஏதேதோ உளறினேன்.

"போகல" என்றாள் அம்மா. "கெளம்பிப் போனாவொ. பாதி வழி, கிழக்கேகோட்டை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டாவொ. நீ அங்க கெடந்து சத்தம் போடுவேன்னு போனேன்னு சொல்லிட்டாவொ."

"அப்போ பெரியப்பா சொன்னதை நம்பிட்டாரா?"

அம்மா கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். பிறகுதான் சொன்னாள்.

"எங்க நம்புனாவொ? 'எலே சிதம்பரம்'னு கூப்பிட்ட மாத்திரத்திலேயே தெரிஞ்சு போச்சாம். 'அண்ணாச்சி பொய் சொல்லுகாரு, எனக்கு என்னமோ இருக்கு'ன்னு அன்னிக்கே எங்கிட்ட சொன்னாவொ. சாக்கு மூட்டை தூக்கினா மூச்சு வாங்குதுன்னும் சொன்னாவொ. நான் காலைப் பிடிச்சேன் மக்கா. கேக்கல. 'அந்த ஆஸ்பத்திரில என்னை அண்ணாச்சி பேரு சொல்லித்தான தெரியும். இப்ப என் பேரைச் சொல்லிட்டுப் போனா குட்டு உடைஞ்சிரும். அங்க அண்ணாச்சிக்கு ராத்திரி பகல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பெனிக்காரன் கையை விரிச்சிருவான். அவரு திரும்பி வரட்டும், மறுநாளே போறேன்'னாவொ."

"வேற ஆஸ்பத்திரி இல்லியாம்மா இந்த ஊர்ல?"

"நானும் சொன்னேன். எல்லா டாக்டரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவந்தான்னாவொ."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல? தினமும் கேட்டேனே! மாத்திரை போடுகாருன்னு சொன்னியே!"

"என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாவொ. நான் என்னத்தைச் செய்ய?"

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பெரியப்பா உள்ளே வந்திருந்தார். அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேலே" என்றார். என்னிடம் இல்லை, அப்பாவிடம் கேட்கிறார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியப்பா!" என்று கத்தினேன். "எத்தனை நாள் இருந்தது உங்களுக்கு! ஒரே ஒரு வார்த்தை!"

அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கை இன்னும் ஈரமாக இருந்தது.

7

பெரியப்பா இப்போதும் இருக்கிறார். நன்றாக இருக்கிறார். அமெரிக்காவில் இருந்த நாட்களில் அவருக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. அந்தப் பாலிசியை ஒரு தடவைகூட யாரும் தொடவில்லை. அப்பா வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், அல்லது அதே கிளினிக்குக்கே போயிருந்தால்கூட, ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. கிளினிக்கில் இருப்பவர்கள் அத்தனை முகத்தையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, பாலிசி எந்தக் கம்பெனியில் என்று விசாரித்து, அவர்களுக்குத் தகவல் சொல்லப் போகிறார்களா? கிளம்பிக் கிழக்கேகோட்டை வரை போன மனிதர், இல்லாத ஒரு பூதத்துக்குப் பயந்து திரும்பி வந்திருக்கிறார்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "பெரியப்பாவை மன்னிச்சிரு, வயசானவரு" என்கிறார்கள். அவர் எனக்குச் செய்தது துரோகம்தான். ஆனால் அது எனக்கு விளங்குகிற துரோகம். ஊர் பார்க்க ஆசை, கடையைப் பற்றிக் கவலை, வாயைத் திறக்கப் பயம். அப்படி மனிதர்கள் இருப்பார்கள். எனக்கு ஆறாதது அப்பா செய்தது. அண்ணனின் ஒரு பாலிசி, அம்மாவைவிட, என்னைவிட, அவர் பார்க்காத பேத்தியைவிடப் பெரிதாகப் போயிற்று அவருக்கு. திவசத்தன்று இங்கே கோயிலில் ஐயர் அப்பாவின் பெயரைக் கேட்கிறார். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. எங்கிருந்து பிடித்தீர்கள் அப்பா அந்தப் போலீஸ்காரரை? பெற்ற மகனை நம்பவைக்க, இல்லாத ஓர் ஆளுக்கு நெஞ்சுவலி வேறு கொடுத்தீர்களே!

இன்னொன்றும் அரிக்கிறது. கடல் தாண்டி வந்த அண்ணன் குரலில் இரண்டே வார்த்தை, அப்பாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. எனக்கு அப்பா அவ்வளவு நேரம் கதை சொன்னார், நான் டோனட் வாங்கிக்கொண்டு போனேன். இங்கே வந்தபின் எனக்கு ஊர்க்குரல் வாரத்துக்குச் சில நிமிஷம்தான். அதில் எது பொய், எது நிஜம் என்று தெரிந்துகொள்ள எனக்குக் காது இல்லாமல் போய்விட்டது. என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஆச்சியிடம் போனில் இன்றும் அதே ஒரு வாக்கியத்தைத்தான் கேட்கிறாள். ஆச்சி சுகம் என்கிறாள். மகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளைவிட நான் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஏஜெண்டை ஏசிய கையோடு அம்மாவைக் கூப்பிட்டு, ஆள் கீள் ஒன்றும் வேண்டாம், நீயே போய் எல்லாப் பரிசோதனையும் எடு என்றேன். இருக்கிற சீக்கை இருக்கிறபடி எழுதுவோம். அதற்குப் பணம் தரமாட்டான் என்றால் தரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று அம்மா பேசினாள்.

"போயிட்டு வந்துட்டேன் மக்கா. நல்ல கூட்டம். டாக்டரம்மா நல்ல மாதிரி. நெஞ்சுக்கெல்லாம் ஒண்ணுமில்ல, சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதலு, வேற பயமில்லன்னுட்டா."

"நிஜமா போனியாம்மா?"

"பின்ன? பொய்யா சொல்லுகேன்?"

அம்மா உண்மையாகவே போயிருக்கலாம். போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ரிசீவரைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு அவள் மூச்சைக்கூடக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டிக்கெட் எடுத்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அவள் மேஜைமேல் ஏறிப் படுக்கும்வரை பக்கத்தில் நிற்கப் போகிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை. பெங்களூரில் கம்பெனி வேலை, அப்படியே வீட்டுக்கும் ஒரு நடை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா நம்பிவிட்டாள்.